மேடையில் நிற்பவர் யார், யார்? – கல்யாணப் படங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

கல்யாணப் படங்கள் குறித்த ஐயங்களை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்தே வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்து, யாஷிகா கேமராவில் ரோலுக்கு 12 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவன் நான். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஆறு கேள்விகளாக்கி விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வரும் தை மாதத்தில் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 முதல் 7.30 மணிக்குள் முகூர்த்தம். மண்டபம் இங்கேயே பேசிவிட்டோம். ஸ்டூடியோக்களில் விசாரித்தால் ஒருவர் டிரடிஷனல் மட்டும் போதும் என்கிறார். இன்னொருவர் கேண்டிடும் சேர்த்து நான்கு பேர் வர வேண்டும் என்கிறார். மூன்றாமவர் டிரோன், கிரேன், எல்.இ.டி. திரை எல்லாம் அடங்கிய பேக்கேஜ் என்கிறார். எதை முதலில் முடிவு செய்வது?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, பேக்கேஜைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து இரண்டு நாள் நிகழ்ச்சிகளையும் மணிவாரியாக எழுதுங்கள். பந்தக்கால் எப்போது, நலங்கு எந்த வீட்டில், மாப்பிள்ளை அழைப்பு எந்தக் கோயிலிலிருந்து, பெண் அலங்காரம் எத்தனை மணிக்கு முடியும், ரிசப்ஷன் எப்போது தொடங்கும் என்று எழுதிப் பார்த்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிகழ்ச்சி இருப்பது உங்களுக்கே தெரிந்துவிடும். எத்தனை பேர் வர வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும். ஸ்டூடியோக்காரர் சொல்ல முடியாது.

மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லையாதலால், தை பிறந்ததும் வரும் முகூர்த்த நாள்களில் நகரெங்கும் ஒரே நேரத்தில் மேளம் கொட்டும். அன்றைக்கு ஒரு ஸ்டூடியோ நான்கைந்து கல்யாணங்களை ஒப்புக்கொண்டு, வெளியாட்களை அனுப்புவது வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் உங்கள் மண்டபத்துக்கு வரப்போகிறவர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டு, அவர் எடுத்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்கள். பத்துக் கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய பத்து நல்ல படங்கள் எல்லோரிடமும் இருக்கும். ஒரு கல்யாணத்தைத் தொடக்கம் முதல் பந்தி வரை பார்த்தால்தான், கூட்டம் முட்டும்போதும் விளக்குச் சரியில்லாதபோதும் அவர் கை எப்படி நிற்கிறது என்பது புலப்படும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் வாரத்திலேயே இந்த வேலையையும் முடித்துவிடுவது நல்லது.

டிரடிஷனல் என்பது சடங்கையும், மேடையேறி வருகிறவர்களையும் ஒன்று விடாமல் நேராக நிறுத்தி எடுப்பது. கேண்டிட் என்பது யாரையும் நிறுத்தாமல், அவரவர் இயல்பில் இருக்கும் நொடியைப் பிடிப்பது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. ஐந்நூறு பேர் வருகிற கல்யாணத்துக்கு டிரடிஷனல் ஒருவர், கேண்டிட் ஒருவர், வீடியோ ஒருவர் என மூவர் இருந்தால் குறையிராது. பெண் வீட்டு நலங்கும் மாப்பிள்ளை வீட்டு நலங்கும் ஒரே நேரத்தில் நடந்தால் நான்காமவர் தேவைப்படுவார். கிரேன் வைத்தால் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேடை மறைகிறது, ஆகவே நான் பரிந்துரைப்பதில்லை. மூடிய மண்டபத்துக்குள் டிரோனுக்கு வேலையே இல்லை. அந்தப் பணத்தை இன்னொரு நல்ல கைக்குக் கொடுங்கள்.

ரிசப்ஷனுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்நூறு பேர் நான்கு நான்கு பேராக மேடையேறினால் 125 குழுக்கள். பரிசுப்பொட்டலம் கொடுத்து, கை குலுக்கி, நின்று, படமெடுத்து இறங்கக் குழுவுக்கு அரை நிமிடம் என்றே வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. நடுவில் யாரும் தயங்காமல், குழந்தை அழாமல் நடந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும். எனவே இரு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் குடும்பப் படங்களை, விருந்தினர் வரிசை தொடங்குமுன், பெண்ணும் மாப்பிள்ளையும் களைப்பில்லாமல் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஏழு மணிக்கு ரிசப்ஷன் என்றால் ஆறு மணிக்கு அலங்காரம் முடிந்திருக்க வேண்டும் என்பதை அலங்காரம் செய்பவரிடம் நீங்களே, இன்றே, சொல்லி வையுங்கள். குடும்பப் படம் ஆல்பத்தில் இல்லாமல் போனதற்குக் காரணம் கேட்டால், என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு, ‘பொண்ணு ரெடியாக லேட்டாயிடுச்சு’ என்பதாகத்தான் இருக்கும்.

முகூர்த்தத்துக்கு வருவோம். தை மாதத்தில் சென்னையில் சூரியன் உதிக்க ஆறரை மணிக்கு மேலாகிவிடும். ஆகவே உங்கள் முகூர்த்தத்தில் வெளி வெளிச்சத்தை நம்ப முடியாது, மண்டபத்து விளக்குதான் கதி. அலங்கார கான்ட்ராக்டர்கள் முதல் நாள் ரிசப்ஷனுக்கு வைத்த ஊதா, நீலம், ரோஸ் நிற விளக்குகளைக் காலையிலும் எரியவிட்டுவிடுவார்கள். அந்த ஒளி முகத்தில் விழுந்தால், மஞ்சள் பூசிய கன்னம் ஒரு நிறமும் நெற்றி ஒரு நிறமுமாகப் படத்தில் விழும். அதைப் பின்னால் எந்த எடிட்டிங்காலும் முழுதாகச் சரிசெய்ய இயலாது. மாங்கல்ய தாரணம் முடியும் வரை நிற விளக்குகள் அணைந்திருக்க வேண்டும், வெள்ளை விளக்கு மட்டும் போதும் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஓமப் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்து, மின்விசிறியைத் திருப்பி வைக்க ஒருவர் வேண்டும்.

தாலி கட்டும் நேரம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். புரோகிதர் விரலை உயர்த்துவார். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் தவில்காரர் கெட்டிமேளம் கொட்டுவார். எல்லோரும் எழுந்து நின்று அட்சதை தூவுவார்கள். மாப்பிள்ளையின் இரு கைகளும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போய்விட, முன்னாலிருந்து பார்த்தால் மாலைகள்தான் தெரியும். முடிச்சு விழுவதைப் பிடிக்க ஒருவர் பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி, மண்டியிட்டுக் காத்திருக்க வேண்டும். பெண்ணின் முகத்துக்கு முன்னால் மற்றொருவர். நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போடுவது உங்கள் வழக்கமென்றால், அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை முன்பே சொல்ல வேண்டும். இல்லையெனில் அவர் முதுகுதான் படத்தில் விழும். இப்போது இதில் ஒரு புதிய தொல்லையும் சேர்ந்திருக்கிறது: அந்த நொடியில் மேடையைச் சுற்றி இருபது செல்போன்கள் உயர்கின்றன. மேடை விளிம்பில் யாரும் போனுடன் நிற்க வேண்டாம் என்று, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பு வீட்டுப் பெரியவர் ஒருவர் மைக்கில் அன்பாகக் கேட்டுக்கொண்டால் எல்லோரும் ஒதுங்குவார்கள். புகைப்படக்காரர் சொன்னால் ஒதுங்க மாட்டார்கள், வருத்தம்தான் மிஞ்சும்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன், ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. புகைப்படக்காரர் கேமராவுடன் வருவார்; உங்கள் வீட்டில் யார் யார் என்ற அறிவுடன் வர மாட்டார். என் தங்கை கல்யாணத்துக்கு நான் கேமராவைத் தொடக் கூடாது, அண்ணனாக நிற்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டதால், வேறொரு ஸ்டூடியோவை அமர்த்தினோம். அவர்கள் நன்றாகவே எடுத்தார்கள். ஆனால் மூன்று மணி நேர வீடியோவிலும் முழு ஆல்பத்திலும் எங்கள் ஆயாவின் (பாட்டியின்) முகம் எங்குமே இல்லை. தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் பாக்குவெட்டியைப் பிடித்த அவர் கையும், அதில் இரண்டு கண்ணாடி வளையலும் ஒரு படத்தின் ஓரத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே ஆயா போய்விட்டார். அந்தக் கிழவியைத் தேடி எடுத்திருக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை என்று நெடுநாள் ஆறாமல் இருந்தேன். அவர் எங்கள் ஆயா என்று நானும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகையால் இரு வீட்டிலும் ஒவ்வொருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். சித்தப்பாவோ மாமா மகனோ, எல்லா உறவும் தெரிந்தவராக, கல்யாணத்தில் வேறு வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். தாத்தா, பாட்டி, தாய்மாமன், அத்தை, வெளியூரிலிருந்து வருகிற பெரியவர்கள், நடக்க முடியாமல் கீழேயே உட்கார்ந்திருப்பவர்கள் என முப்பது பெயருக்கு மிகாத ஒரு பட்டியலை அவர் கையில் கொடுங்கள். அவர் புகைப்படக்காரரின் பக்கத்திலேயே இருந்து, எடுத்த பெயர்களை அடித்துக்கொண்டே வரட்டும். மேடையேற முடியாதவர்களிடம் பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கிப் போய் நிற்பதற்குப் பத்து நிமிடத்தை அந்த நோட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: நான் நல்ல கருப்பு நிறம். அக்கா கல்யாண ஆல்பத்தில் அவள் முகத்தைச் சாம்பல் பூசியதுபோல் வெளுப்பாக்கிவிட்டார்கள். குழந்தைகள் அதைப் பார்த்து ‘இது யாரு?’ என்று கேட்கின்றன. என் கல்யாணத்துக்குப் பேசியிருக்கும் ஸ்டூடியோவும், ‘கவலைப்படாதீங்க, கலர் ஏத்திக் குடுத்துடுவோம்’ என்கிறது. எப்படிச் சொல்வது?
– மணமகள், வியாசர்பாடி

பதில்: தங்கையே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு பெண்ணின் கல்யாணப் படத்தில் அந்தப் பெண்ணே இல்லாமல் செய்வதைவிட என் தொழிலுக்குப் பெரிய இழுக்கு இல்லை. ‘என் தோல் நிறத்தை மாற்றக் கூடாது; எடிட்டிங்கில் முகத்தை வெளுக்கவோ வழவழப்பாக்கவோ கூடாது’ என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதுங்கள். வாயால் சொன்னதை, படமெடுப்பவர் கேட்டுக்கொள்வார். ஆனால் எடிட்டிங் செய்பவர் வேறொருவர், பெரும்பாலும் வேறொரு லேபில் இருப்பவர், அவர் காதுக்கு அது போகாது. தாளில் இருந்தால் போகும்.

இந்த வெளுப்பு எடிட்டிங்கால் மட்டும் வருவதில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை, பின்னால் வெள்ளைப் பூ அலங்காரம் என்று இருக்கும்போது, கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது வெள்ளையைக் கணக்கில் வைத்து ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். இருண்ட முகத்தைப் பின்னால் கணினியில் ஏற்றும்போதுதான் அந்தச் சாம்பல் நிறம் வருகிறது. முகத்தில் விழும் ஒளியை அளந்து, அதற்கேற்பக் கேமராவைக் கையால் அமைத்து எடுப்பவருக்கு இந்தச் சிக்கலே எழாது. பிளாஷை நேராக முகத்தில் அடிக்காமல், ஒளி பரப்பும் குடையிலோ, துணி மூடிய சாப்ட்பாக்ஸிலோ மென்மையாக்கிப் பக்கவாட்டிலிருந்து கொடுத்தால், கருப்பு நிறத்துக்கே உரிய அந்த ஒளிர்வு, கன்ன எலும்பில், மூக்குத்தியின் பக்கத்தில், தானாக எழும். எத்தனையோ கல்யாணங்களில் கண்டவன் சொல்கிறேன்: அரக்கு நிறப் பட்டும், மல்லிகையும், கருத்த முகமும் சேர்ந்தால் கேமராவுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

பவுடரிலும் கவனம் வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத சில மெல்லிய வெள்ளைப் பவுடர்களும், வெயில் காப்பு சேர்ந்த சில கிரீம்களும், பிளாஷ் ஒளியைத் திருப்பியடித்து முகத்தை மட்டும் வெள்ளை முகமூடியாகக் காட்டிவிடும். கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கும். அலங்காரத்துக்கு முன்னோட்டம் பார்க்கும் நாளிலேயே, உங்கள் புகைப்படக்காரரை வரச் சொல்லி, பிளாஷ் போட்டு நான்கு படம் எடுத்து, ஒன்றைத் தாளில் பிரிண்ட் போட்டுப் பாருங்கள். செல்போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த பிரிண்ட் உங்கள் முகமாக இருந்தால், இதே நிறத்தில்தான் ஆல்பம் வர வேண்டும் என்று அதையே மாதிரியாகக் கொடுத்து வையுங்கள். ‘கலர் ஏத்துவோம்’ என்று சொன்னவர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லையென்றால், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு ஸ்டூடியோவுக்கு 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தோம். கையால் எழுதிய ரசீது மட்டும் தந்தார்கள். எங்கள் உறவினர் ஒருவருக்கு ஆல்பம் வர ஒன்றரை ஆண்டாயிற்று. எழுதி வாங்க வேண்டியவை என்னென்ன?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஒரு பக்கத் தாள் போதும். நிகழ்ச்சி நாளும் இடமும், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை, எத்தனை பேர் வருவார்கள், நேரம் கூடினால் என்ன கட்டணம், ஆல்பம் எந்த அளவு, எத்தனை ஷீட், ஷீட் கூடினால் எவ்வளவு, எடுத்த எல்லாப் படங்களையும் ஹார்ட் டிஸ்க்கில் தருவார்களா, பேசிய ஆளுக்கு அன்று முடியாமல் போனால் யார் வருவார், ஜி.எஸ்.டி. தொகைக்குள் அடங்குமா. பதிவு பெற்ற ஸ்டூடியோ பில் போட்டால் 18 விழுக்காடு சேரும், அதைக் கடைசி நாளில் கேட்டுத் திகைக்க வேண்டாம். பணத்தை அட்வான்ஸ், கல்யாண நாள், ஆல்பம் கைக்கு வரும் நாள் என மூன்றாகப் பிரித்து, கடைசித் தவணை கணிசமாக இருக்கும்படி பேசுங்கள்.

தாமதத்தைப் பற்றி ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் கல்யாணத்தில் மூவாயிரம் படம் எடுத்தால், 12க்கு 36 அங்குல விரிப்பில் நாற்பது ஷீட் ஆல்பத்துக்கு இருநூறுக்குள் தான் தேறும். அந்த இருநூறைப் பொறுக்கித் தர வேண்டியவர்கள் வீட்டார். பெண் மாமியார் வீட்டிலும், அம்மா இங்கேயும், மாப்பிள்ளை வேலை ஊரிலுமாக இருக்கும்போது அது மாதக்கணக்கில் இழுக்கிறது; ஸ்டூடியோவும் அடுத்த சீசனுக்குப் போய்விடுகிறது. ஆகவே ‘படங்கள் கிடைத்த 30 நாளில் தேர்வு செய்து தருவோம், தந்த 60 நாளில் ஆல்பம் தர வேண்டும்’ என்று இரு பக்கத்துக்கும் கெடு எழுதுங்கள்.

உங்கள் படம் பத்திரமாக இருக்க ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் கேமராவில் இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் படம் பதிவாகுமா?’ ஆகும் என்பவரே கல்யாணத்துக்கு உகந்தவர். அன்று இரவே இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு இடத்தில் வைக்கும் வழக்கம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கார்டு பழுதாகிப் படம் அழிந்தால் மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாதல்லவா?

ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் ஏமாற்றினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் ஒரு நோட்டீஸ். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதையும் வாட்ஸ்ஆப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு நிக்காஹ் மண்ணடியில் நடக்கவிருக்கிறது. பெண்கள் பகுதியில் படமெடுக்கப் பெண் ஒருவரையே அமர்த்த விரும்புகிறோம். எங்கள் படங்கள் பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் போகக் கூடாது. எப்படி உறுதி செய்துகொள்வது?
– மணமகளின் சகோதரி, மண்ணடி

பதில்: பெண் புகைப்படக் கலைஞர்கள் இன்று சென்னையில் நன்றாகவே கிடைக்கிறார்கள், ஆனால் எடுப்பவர் பெண்ணாக இருந்தால் மட்டும் உங்கள் நோக்கம் நிறைவேறிவிடாது. எடுத்த படத்தைத் திருத்துபவர், ஆல்பம் வடிவமைப்பவர், பிரிண்ட் போடும் லேப் என்று மூன்று கை மாறுகிறது. திருத்தும் வேலையையும் அவரே செய்வாரா என்று கேளுங்கள். பெண்கள் பகுதிப் படங்களைத் தனிக் கார்டில் எடுத்து, தனி டிஸ்க்கில் தந்து, தனிச் சிறு ஆல்பமாகப் போடச் சொல்லலாம். ஆண்கள் பகுதியில் எழுதும் நிக்காஹ் ஒப்பந்தமும், விருந்தும் வேறு ஆல்பத்தில் இருக்கட்டும். மண்டபத்தில் எல்.இ.டி. திரை வைத்திருந்தால், கருகமணி கட்டும் நேரத்தில் பெண்கள் பகுதிக் கேமரா சாப்பாட்டுக் கூடத்துத் திரையோடு இணைந்திருக்கக் கூடாது என்பதை வீடியோக்காரரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, திரையில் ஓடிய பிறகு மனம் வருந்திய குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவருக்கே உரியது என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அந்த ‘வேறு ஒப்பந்தம்’ என்பதில்தான் கண் வேண்டும்: சில ஸ்டூடியோக்களின் அச்சடித்த தாளில், படங்களைத் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அடித்து, பக்கத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். இது உங்களுக்கு மட்டுமன்றி எல்லா வீட்டாருக்கும் பொருந்தும்.

கேள்வி: கல்யாணத்துக்கு முந்தைய வெளிப்புறப் படங்களை ஈ.சி.ஆர். பக்கம் போகாமல், நாங்கள் வளர்ந்த ராயபுரம், காசிமேட்டிலேயே எடுக்க ஆசைப்படுகிறோம். பழைய ரயில் நிலையத்திலும், படகுத் துறையிலும் எடுக்க முடியுமா? டிரோன் விடலாமா?
– மணமகன், ராயபுரம்

பதில்: தம்பி, உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சேவை தொடங்கியது ராயபுரம் நிலையத்திலிருந்துதான். அந்தத் தூண்களுக்கு முன்னால் நிற்க ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத உரிமையா? ஆனால் ரயில்வே இடத்தில் இத்தகைய படப்பிடிப்புக்கு முன் அனுமதியும் கட்டணமும் உண்டு. சில வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். திருவொற்றியூர்க் கோயில் போன்ற இடங்களிலும் கோயில் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிட்டே போங்கள்.

நம் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது, கடலில் மறைவதில்லை. ஆகவே மாலையில் கடலைப் பின்னணியாக வைத்துப் பொன்னொளியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே அங்கு நிற்க வேண்டும். உதித்த பின் முக்கால் மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அதே நேரம்தான் காசிமேட்டில் படகு வந்து மீன் ஏலம் நடக்கும் நேரமும். அது பலருடைய அன்றாடப் பிழைப்பு. கூடை சுமந்து வரும் அக்காமார் வழியில் நின்று படமெடுக்காதீர்கள். யார் படகின் அருகில் நிற்கிறீர்களோ அவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். கேட்டவர்களுக்கு அவர்கள் படகில் ஏறி நிற்கவே இடம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பட்டுப் புடவை வேண்டாம். பருத்தி போதும், ஈரத்துக்கும் காற்றுக்கும் அதுவே தாங்கும்.

டிரோனுக்கு, 2021ஆம் ஆண்டின் விதிகள்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிடுபவரிடம் பைலட் சான்றிதழும், டிரோனுக்குப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சிவப்பு மண்டலம் என்று வரைபடத்தில் குறித்த பகுதியில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவிடவே கூடாது. துறைமுகத்தை ஒட்டிய இடமென்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்க்காமல் எடுத்துப் போகாதீர்கள். ‘எல்லாரும் விடுறாங்க’ என்று சொல்லும் ஸ்டூடியோவுக்காக நீங்கள் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியதில்லை.

ஐப்பசியில் முகூர்த்தம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் சுற்றித்தான் வர வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டால் சொல்லவே வேண்டாம். படமெடுப்பவர்களை முதல் நாள் இரவே மண்டபத்தில் தங்க வைத்து, படுக்க இடமும் சாப்பாடும் கொடுங்கள். பசியோடு நிற்பவர் கையில் கேமரா நிலைக்காது.

கேள்வி: எனக்கும் என் மனைவிக்கும் 1978இல் கல்யாணம். கருப்பு வெள்ளைப் படங்களும், ஒரு கவரில் நெகட்டிவ்களும் இருக்கின்றன. என் தம்பியின் கல்யாண வி.எச்.எஸ். கேசட்டும் உள்ளது. கடல் காற்றில் எல்லாம் கெட்டுக்கொண்டே வருகின்றன. பேரன் கல்யாணத்தில் எல்.இ.டி. திரையில் காட்ட நினைக்கிறோம். என்ன செய்யலாம்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ஐயா, நெகட்டிவ் இருப்பது பெரும் பாக்கியம், பிரிண்டைவிட அதில்தான் விவரம் அதிகம். விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து எடுத்து, நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் வசதியுள்ள இடத்தில் 2400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பிரிண்டுகளுக்கு 600 போதும். பசையுள்ள ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே விட்டு மெல்ல மெல்ல இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் அட்டையோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம்.

கேசட்டின் சிறு ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பொடிபோல் தெரிந்தால் அது பூஞ்சை. அதைப் பிளேயரில் போட்டால் நாடாவும் கெடும், பிளேயரும் கெடும். சுத்தம் செய்து மாற்றித் தருபவரிடம் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள், வி.எச்.எஸ். பிளேயர் தயாரிப்பே 2016இல் நின்றுவிட்டது, ஓடுகிற பழைய பிளேயர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மாற்றிய பிறகு எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக, இரண்டு பிள்ளைகள் வீட்டில் வையுங்கள். அசல் படங்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, இரும்பு பீரோவின் மேல் தட்டில் வைத்தால் ஈரம் குறைவாகத் தாக்கும்.

திரையில் போடுமுன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, மனைவியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் ஓரமாக, மெல்லிய பென்சிலால் அழுத்தாமல், நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் வரை ஊறிவிடும், அழுத்தம் படத்தில் தடமாகும். பெயரோடு உறவையும் எழுதுங்கள். ‘அத்தை’ என்று மட்டும் எழுதினால், யாருக்கு அத்தை என்பது பேரனுக்குத் தெரியாது.